நான்காண்டுச் சீருடை: படையில் சேரும் இளைஞருக்குக் காத்திருப்பது என்ன?

புதுதில்லி: இந்திய ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர் கையெழுத்திடும் ஒப்பந்தம் 2022-ஆம் ஆண்டில் மாறிவிட்டது. அதற்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவர் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றி, நாற்பது வயதை எட்டும் முன்னரே ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பினார். முன்னாள் படைவீரர் என்ற அடையாள அட்டை, ராணுவ மருத்துவ வசதி, ராணுவ அங்காடிச் சலுகை ஆகியவை அவருக்கு ஆயுள் முழுவதும் உண்டு. 'அக்னிபத்' திட்டத்தின் கீழ் 'அக்னிவீரர்' என்ற பெயரில் சேர்பவர் நான்கே ஆண்டுகளுக்குச் சேர்கிறார். நான்காம் ஆண்டின் முடிவில் நால்வரில் அதிகபட்சம் ஒருவர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார். ஏனைய மூவர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, இருபதுகளின் முற்பகுதியில் மீண்டும் வேலை தேட வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் உள்ள கஹ்மர், ராஜஸ்தானின் ஜுன்ஜுனு, தமிழகத்தில் வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ராணுவச் சேவை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. சிறு நில உடைமை உள்ள குடும்பத்துக்கு, வீட்டில் ஒரு மகன் படையில் இருப்பது வறட்சியோ வெள்ளமோ தொட முடியாத வருமானம். இத்தகைய ஊர்களில் விடியும் முன்பே சாலையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஓட்டத்தின் நேரக்கணக்கு மனப்பாடம். ஒப்பந்தத்தின் கணக்கு அந்த அளவுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

காத்திருந்தவர்களின் கோபம்

அக்னிபத் திட்டத்தை 2022 ஜூன் 14-ஆம் தேதி பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங், முப்படைத் தளபதிகளை அருகில் வைத்துக்கொண்டு அறிவித்தார். முதல் ஆண்டில் 46 ஆயிரம் பேரைச் சேர்ப்பது இலக்கு. இதில் ராணுவத்துக்கு 40 ஆயிரம் இடங்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தலா 3 ஆயிரம்.

அறிவிப்பு வெளியான நேரம் முக்கியமானது. கரோனா தொற்றைக் காரணம் காட்டி, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்கள் நடைபெறவில்லை. உடல்தகுதித் தேர்விலும் மருத்துவச் சோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்தவர்கள் பல மாநிலங்களில் இருந்தனர். புதிய திட்டம் வந்ததும் பழைய தேர்வு நடைமுறைகள் அனைத்தும் ரத்தாயின. இரண்டு ஆண்டுக் காத்திருப்பில் வயது வரம்பைக் கடந்துவிட்டவர்களின் நிலையும் கேள்விக்குறியானது.

பிகாரில் தொடங்கிய போராட்டம் உத்தரப் பிரதேசம், ஹரியாணா எனப் பரவியது. ரயில் பெட்டிகள் தீக்கிரையாயின. ஜூன் 17-ஆம் தேதி செகந்திராபாத் ரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்தைய நாள், அந்த ஓராண்டுக்கு மட்டும் உச்ச வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக உயர்த்துவதாக அரசு அறிவித்திருந்தது. திட்டத்தைத் திரும்பப் பெறும் பேச்சுக்கே இடமில்லை என்று ஜூன் 19-ஆம் தேதி படை அதிகாரிகள் தெரிவித்தனர். தீவைப்பில் பங்கேற்கவில்லை என விண்ணப்பதாரர் உறுதிமொழி தர வேண்டும், காவல் துறைச் சரிபார்ப்பு இன்றி எவரும் படையில் சேர முடியாது என்றும் அப்போது கூறப்பட்டது. படையில் சேர நினைப்பவர் முதலில் அறிய வேண்டிய பாடம் இது: பெயரில் ஒரு குற்ற வழக்கு இருந்தால், ஓட்டத்தில் முதலாவதாக வந்தும் பயனில்லை.

சட்டப் போராட்டமும் வெற்றி பெறவில்லை. திட்டத்தை எதிர்த்த மனுக்களை தில்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 27-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளை நிராகரித்தது. தேர்வில் தேறியதாலேயே பணி நியமனம் பெறும் உரிமை ஒருவருக்கு உருவாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

தேர்வு அறை முதலில், மைதானம் பிறகு

முன்பெல்லாம் ஆள்சேர்ப்பு முகாம் என்றால் ஒரு மாவட்ட விளையாட்டரங்கின் வெளியே ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் வரிசையில் நிற்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். 2023 முதல் ராணுவம் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. இணையவழியில் விண்ணப்பித்து, கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே மைதானத்துக்கு அழைக்கப்படுகின்றனர். 2025-ஆம் ஆண்டுத் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்பட்டது. தமிழக விண்ணப்பதாரர்களுக்குச் சென்னை, கோவை, திருச்சி ஆகிய இடங்களில் உள்ள ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் பொறுப்பு.

பொதுப் பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் மதிப்பெண் வேண்டும். எழுத்தர் பிரிவுக்கு 12-ஆம் வகுப்பில் 60 சதவீதம். தொழில்நுட்பப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். கைவினைப் பணிகளில் சிலவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமானது. திருமணம் ஆகாதவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நான்காண்டுப் பணிக்காலத்திலும் திருமணம் செய்துகொள்ளக் கூடாது.

மைதானத்தில் 1.6 கிலோ மீட்டர் ஓட்டமே பெரும்பாலோரை வடிகட்டுகிறது. ஐந்து நிமிடம் 30 விநாடிகளுக்குள் ஓடி முடித்தால் முழுமையாக 60 மதிப்பெண். கம்பியில் தொங்கி உடலை மேலிழுக்கும் பயிற்சியைப் பத்து முறை செய்தால் 40 மதிப்பெண். ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதற்கும், வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மேல் நடப்பதற்கும் மதிப்பெண் கிடையாது. ஆனால் தேறியாக வேண்டும். பொதுப் பணிப் பிரிவுக்குத் தென் மாநிலத்தவருக்கு உயரம் 166 சென்டிமீட்டர். பஞ்சாப், ஹரியாணா இளைஞருக்கு 170. மார்பளவு 77 சென்டிமீட்டர் இருந்து, மூச்சை இழுக்கும்போது மேலும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

ஓட்டத்தில் தேறியவர்கள் மருத்துவச் சோதனையில் நிராகரிக்கப்படுவது வழக்கமாக நடக்கிறது. தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டிகள் உரசுவது, நிறக்குருடு, நரம்புச் சுருட்டு, காதில் கோளாறு ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். காதில் அடைந்து கிடக்கும் அழுக்குக்காகக்கூடத் தாற்காலிகத் தகுதியின்மை அறிவிக்கப்படுவது உண்டு. ஆண்டுக்கணக்கில் ஓடிப் பயிற்சி எடுப்பதற்கு முன், அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் ஒருமுறை உடலைச் சோதித்துக்கொண்டால் பல குடும்பங்களின் பணமும் காலமும் மிச்சமாகும். இறுதியாகத் தேர்வு செய்யப்படுவது தகுதிப் பட்டியலின்படி மட்டுமே. இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து எந்தக் கட்டத்தையும் தாண்ட முடியாது என ராணுவம் ஒவ்வொரு முகாமின்போதும் எச்சரிக்கிறது. ஆனாலும் ஏமாறுபவர்கள் குறையவில்லை.

பயிற்சி மையத்தின் நாள்கள்

தேர்வானவர் தாம் சேரும் படைப்பிரிவின் பயிற்சி மையத்துக்கு அனுப்பப்படுகிறார். 1758-இல் தோற்றுவிக்கப்பட்ட மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. கடற்படையில் சேர்பவர்களுக்கு ஒடிஸாவின் சில்கா. இங்கு முதல் அணியைச் சேர்ந்த சுமார் 2,600 பேர் 2023 மார்ச் 28-ஆம் தேதி பயிற்சி முடித்து வெளியேறினர். அவர்களில் 270-க்கும் அதிகமானோர் பெண்கள்.

நான்காண்டுப் பணிக்கு ஏற்றவாறு பயிற்சிக் காலமும் முன்பைவிடச் சுருக்கப்பட்டுள்ளது. விடியலுக்கு முன் எழுதல், உடற்பயிற்சி, அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வகுப்பு, மீண்டும் மைதானம் என நாள் கழியும். ஆயுதம், சுமையுடன் 5 கிலோ மீட்டர் ஓடுவதும், கயிறு ஏறுவதும் தேர்ச்சிக்கான சோதனைகள். 'சாவ்தான்', 'விஷ்ராம்' என அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில்தான் ஒலிக்கும். தமிழகத்துக் கிராமத்திலிருந்து செல்லும் இளைஞருக்கு முதல் சில வாரங்களில் உடலைவிட மொழியே அதிகக் களைப்பைத் தரும். இது அக்னிபத் வருவதற்கு முன்பும் இருந்த அனுபவம்தான்.

விடுமுறையில் வேறுபாடு பெரிது. நிரந்தரப் பணியில் உள்ள சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள்களும், தற்செயல் விடுப்பு 30 நாள்களும் உண்டு. அக்னிவீரருக்கு ஆண்டுக்கு மொத்தமே 30 நாள்கள். மருத்துவ விடுப்பு மருத்துவரின் ஆலோசனையைப் பொருத்தது. அருணாசலப் பிரதேச எல்லையில் பணியாற்றும் தென் தமிழக இளைஞரின் விடுப்பில் பல நாள்கள் பயணத்திலேயே கழிந்துவிடும். சீருடையில் தனி அடையாளச் சின்னம் இருக்கும். சிறப்புக் காரணங்கள் இருந்தாலன்றி, நான்காண்டுகள் முடியும் முன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகவும் முடியாது. வெளியேறிய பிறகும் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும்.

கைக்கு வருவது எவ்வளவு?

திட்டம் அறிவிக்கப்பட்டபோது நிர்ணயிக்கப்பட்ட மாத ஊதியம் முதல் ஆண்டில் ரூ. 30,000, இரண்டாம் ஆண்டில் ரூ. 33,000, மூன்றாம் ஆண்டில் ரூ. 36,500, நான்காம் ஆண்டில் ரூ. 40,000. இதில் 30 சதவீதம் 'சேவா நிதி'க்காகப் பிடித்தம் செய்யப்படுகிறது. எனவே முதல் ஆண்டில் கைக்கு வருவது ரூ. 21,000, நான்காம் ஆண்டில் ரூ. 28,000. நான்காண்டுகளில் பிடிக்கப்படும் தொகை ரூ. 5.02 லட்சம். அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. வட்டியுடன் சேர்த்து வெளியேறும்போது சுமார் ரூ. 11.71 லட்சம் கிடைக்கும் என்பது 2022-இல் அரசு சொன்ன கணக்கு. இதற்கு வருமான வரி கிடையாது.

இருபத்திரண்டு வயது இளைஞரின் கையில் மொத்தமாகப் பதினோரு லட்சம் என்பது சிறிய தொகையன்று. ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி அவருடைய சம்பளத்திலிருந்தே பிடித்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பணிக்கொடையோ ஓய்வூதியமோ கிடையாது. பணியில் இருக்கும்போது இடர்ப்படி, சீருடைப்படி, பயணப்படி ஆகியவை உண்டு. அகவிலைப்படியும் ராணுவச் சேவை ஊதியமும் இல்லை.

இதன் பொருளை ஓர் ஒப்பீடு விளக்கும். ஏழாவது ஊதியக் குழுவின்படி புதிய சிப்பாயின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 21,700, ராணுவச் சேவை ஊதியம் ரூ. 5,200. அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தை எட்டியபோது, இவை மூன்றும் சேர்ந்து ரூ. 40,350 ஆயின. அதாவது, அக்னிவீரர் நான்காம் ஆண்டில், பிடித்தத்துக்கு முன் பெறும் தொகையைப் புதிய சிப்பாயின் முதல் மாதச் சம்பளமே தாண்டியது. ஒரே காவல் கூடாரத்தில், ஒரே பனியில் நிற்கும் இருவருக்கு ஏன் இரு வேறு ஊதியம் என்று 2022 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றமே கேட்டது. அக்னிவீரர்கள் சிப்பாய்க்குக் கீழே உள்ள தனிப் பிரிவினர் என்பது மத்திய அரசின் பதில்.

உயிரிழந்தால், ஊனமுற்றால்

அரசியல் களத்தில் அதிகம் விவாதிக்கப்பட்டதும், அதிகம் குழப்பப்பட்டதும் இந்தப் பகுதிதான். மக்களவையில் 2024 ஜூலை 1-ஆம் தேதி பேசிய எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி, உயிரிழந்த அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைப்பதில்லை என்று குற்றம்சாட்டினார். ஒரு கோடி ரூபாய் வழங்கப்படுவதாக ராஜ்நாத் சிங் உடனே மறுத்தார். அந்த ஆண்டு ஜனவரியில் ஜம்மு-காஷ்மீரில் கண்ணிவெடியில் உயிரிழந்த பஞ்சாப் இளைஞர் ஒருவரின் குடும்பத்துக்கு ரூ. 98.39 லட்சம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதாகவும், மொத்தத் தொகை சுமார் ரூ. 1.65 கோடியாக இருக்கும் என்றும் இரண்டு நாள்களில் ராணுவம் விளக்கம் அளித்தது.

விதிகள் கூறுவது இதுதான். எல்லா அக்னிவீரர்களுக்கும் தங்கள் பங்களிப்பு ஏதுமின்றி ரூ. 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு. பணி காரணமாக உயிரிழந்தால் ரூ. 44 லட்சம் கருணைத் தொகையும், நான்காண்டுகளில் எஞ்சிய காலத்துக்கான ஊதியமும், சேவா நிதியும் கூடுதலாகக் கிடைக்கும். பணி காரணமாக ஊனமுற்றால், ஊனத்தின் அளவு 100, 75, 50 சதவீதம் என்பதற்கேற்ப ரூ. 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ஒரே தவணையில் வழங்கப்படும்.

ஆக, "ஒன்றுமே கிடைக்காது" என்பது தவறு. "நிரந்தரச் சிப்பாய்க்குக் கிடைப்பது எல்லாம் கிடைக்கும்" என்பதும் தவறு. போரில் உயிரிழக்கும் நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்கு, அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு நிகரான குடும்ப ஓய்வூதியம் உண்டு. அது அகவிலைப்படியுடன் ஆண்டுதோறும் வளரும். அக்னிவீரரின் பெற்றோருக்கு அது இல்லை. இருபது வயதில் இரு கால்களையும் இழந்தவருக்கு ரூ. 44 லட்சம் பெரும் தொகையாகத் தோன்றலாம். ஆனால் அதைக்கொண்டு அவர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். நிரந்தரச் சிப்பாய்க்கு உள்ள ஊனமுற்றோர் ஓய்வூதியம் இவருக்குக் கிடையாது. பணியின்போது உயிரிழக்கும் அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கு நிரந்தரப் படைவீரர் குடும்பங்களுக்கு நிகரான பலன்கள் வழங்கப்பட வேண்டும் எனப் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக் குழு 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

கார்கில் குழு சொன்னதும் நடந்ததும்

படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்ற கருத்து புதியதன்று. கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த பாதுகாப்பு வல்லுநர் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவே இதை வலியுறுத்தியது. 1976 முதல் 17 ஆண்டுகளாக இருந்துவந்த படைப் பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைக்கலாம் என அக்குழு பரிந்துரைத்தது. அக்னிபத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றனர்.

ஆனால் பரிந்துரையின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ராணுவத்திலிருந்து விடுவிக்கப்படுபவர்களைத் துணை ராணுவப் படைகளில் பணியமர்த்த வேண்டும் என்பதே அந்த மறுபாதி. பயிற்சி பெற்ற வீரர் தெருவில் நிற்க மாட்டார். துணை ராணுவத்துக்குப் புதிதாக ஆளெடுத்துப் பயிற்றுவிக்கும் செலவும் மிச்சமாகும். அக்னிபத் திட்டத்தில் காலம் ஏழிலிருந்து நான்காகக் குறைந்தது. இடமாற்றம் ஒதுக்கீடாகச் சுருங்கியது. உறுதியளிக்கப்பட்ட பணிக்கும், போட்டியிட்டுப் பெற வேண்டிய ஒதுக்கீட்டுக்கும் உள்ள தூரமே இத்திட்டம் குறித்த விவாதத்தின் மையம்.

ஓய்வூதியச் சுமை இதற்குப் பின்னால் இருக்கிறதா? 2025-26-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு நிதிநிலை ஒதுக்கீடான ரூ. 6.81 லட்சம் கோடியில் ரூ. 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கானது. ஆயுதக் கொள்முதலுக்கும் நவீனமயமாக்கலுக்கும் செல்ல வேண்டிய பணம் ஓய்வூதியத்துக்குச் செல்கிறது என்ற கவலை நியாயமானதே. எனினும் அரசு இதைத் திட்டத்தின் காரணமாக ஒப்புக்கொள்வதில்லை. ஓய்வூதியத்தை மிச்சப்படுத்தவே இத்திட்டம் என்ற குற்றச்சாட்டைப் பிரதமர் நரேந்திர மோடி, 2024 ஜூலை 26-ஆம் தேதி கார்கில் வெற்றியின் 25-ஆம் ஆண்டு விழாவில் திராஸில் மறுத்தார். படையின் சராசரி வயதை 32-லிருந்து 26 ஆகக் குறைப்பதே நோக்கம் என்பது அரசின் நிலை.

இத்திட்டம் படைத் தலைமையிலிருந்து எழுந்ததா, மேலிருந்து வந்ததா என்பதிலும் ஐயம் எழுப்பப்பட்டது. முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி எம்.எம். நரவணே எழுதிய நூலின் பகுதிகள் 2023 டிசம்பரில் செய்திகளாக வெளிவந்தன. திட்டம் உருவெடுத்த விதம் ராணுவத்துக்கு வியப்பளித்ததாகவும், முக்கால் பங்கினரை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே ராணுவத்தின் தொடக்க நிலையாக இருந்ததாகவும் அவற்றில் கூறப்பட்டிருந்தது.

நேபாளத்தின் நிலைப்பாடும் கவனிக்கத்தக்கது. 1947-ஆம் ஆண்டு முத்தரப்பு உடன்பாட்டின்படி கூர்க்கா இளைஞர்கள் இந்திய ராணுவத்தில் சேர்ந்து வந்தனர். நான்காண்டு முறை அந்த உடன்பாட்டுக்குப் பொருந்தாது எனக் கருதிய நேபாளம், 2022-இல் ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது. பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேலையின்றித் திரும்பினால் என்ன ஆகும் என்ற கவலை அங்கு வெளிப்படையாகவே பேசப்பட்டது.

ஐந்தாம் ஆண்டில் என்ன?

நான்காண்டு முடிவில் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகும் 25 சதவீதத்தினர் மேலும் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். முதல் ஆண்டு இலக்கான 46 ஆயிரத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஓராண்டு அணியிலிருந்து மட்டும் சுமார் 34,500 பேர் வெளியேற நேரும். 2022-இன் இறுதியிலும் 2023-இன் தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினரின் தவணை முடியும் காலம் 2026-இன் இறுதியும் 2027-இன் தொடக்கமும் ஆகும். இதற்கிடையே ராணுவத்தில் அதிகாரிகள் அல்லாத பணியிடங்களில் 92 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை 2024 அக்டோபர் நிலவரப்படி காலியாக இருந்தன. ஒருபுறம் காலியிடம், மறுபுறம் பயிற்சி பெற்றவரை வெளியேற்றுதல் என்ற முரண்பாட்டால், நிரந்தரமாக்கப்படுவோரின் பங்கை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

வெளியேறுவோருக்கு என்ன வழி? எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை ஆகியவற்றில் 10 சதவீத ஒதுக்கீடு 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. முதல் அணிக்கு ஐந்து ஆண்டுகளும், அடுத்தடுத்த அணிகளுக்கு மூன்று ஆண்டுகளும் வயது வரம்புத் தளர்வு உண்டு. உடல்தகுதித் தேர்விலிருந்தும் விலக்கு. எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலர் பணியிடங்களில் இந்தப் பங்கு 2025 டிசம்பரில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கார்கில் குழு காட்டிய திசையில் இது ஓர் அடி. ஹரியாணா 2024 ஜூலையில் காவலர், வனக் காவலர் உள்ளிட்ட பணிகளில் 10 சதவீதமும், உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் காவல் துறையில் 20 சதவீதமும் ஒதுக்கீடு அறிவித்தன.

ஆனால் ஒதுக்கீடு என்பது வேலை அன்று. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 சதவீதமும், 'டி' பிரிவில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு நெடுங்காலமாகவே ஒதுக்கப்பட்டுள்ளன. அந்த இடங்களில் பெரும்பகுதி நிரப்பப்படாமலே கிடந்தது என்பது பல ஆண்டுகளாக நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டு வரும் குறை. அக்னிவீரர்களோ முன்னாள் படைவீரர் என்ற தகுதியையே பெறுவதில்லை. எனவே அந்தப் பழைய ஒதுக்கீடும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது.

படிப்பில் ஒரு வழி திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்புடன் சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் பெறலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில், படையில் பெற்ற பயிற்சிக்காகப் பாதி மதிப்பீட்டுப் புள்ளிகள் வழங்கப்படும். நான்காண்டுகளில் இதைப் பயன்படுத்திக்கொள்பவர், வெறும் கையுடன் வெளியேறுபவரைவிட ஒரு படி முன்னே நிற்பார்.

விண்ணப்பத்துக்கு முன்

2024 மக்களவைத் தேர்தலில் இத்திட்டத்தை ரத்து செய்வதாகக் காங்கிரஸ் வாக்குறுதி அளித்தது. தேர்தலுக்குப் பின், ஆளும் கூட்டணியில் உள்ள ஐக்கிய ஜனதா தளமே மறுபரிசீலனை கோரியது. விவாதம் எப்படி முடியும் என்று காத்திருக்க, பதினேழரை வயதில் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் வாய்ப்பு இளைஞரை அனுமதிப்பதில்லை. எனவே அவர் தம்மிடமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. நிரந்தரமாகத் தேர்வாகும் நால்வரில் ஒருவராக இருப்போம் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர்கிறோமா? அந்த ஒருவராக இல்லாவிட்டால் ஐந்தாம் ஆண்டில் செய்ய வேண்டியது தெரியுமா? சேவா நிதி வருவதற்கு முன்பே குடும்பக் கடனோ, தங்கையின் திருமணமோ அதற்காகக் காத்திருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்து சேர்பவருக்கு, நான்காண்டுகள் ஒழுக்கமும் உடல் உறுதியும் கையில் ஒரு முதலும் தரும். விடை தெரியாமல் சேர்பவர், தாத்தாவுக்குக் கிடைத்த ஒப்பந்தமே தமக்கும் கிடைத்திருப்பதாக எண்ணிச் சேர்கிறார்.

அரசிடமும் கேள்விகள் உண்டு. முதல் அணியிலிருந்து வெளியேறுவோரில் எத்தனை பேர் துணை ராணுவத்திலும் மாநிலக் காவல் துறையிலும் உண்மையில் பணியமர்த்தப்பட்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். ஊனமுற்று வெளியேறியவர்களுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்குவதால் கருவூலம் காலியாகிவிடாது; அவர்களின் எண்ணிக்கை குறைவு. நிலைக் குழுவின் பரிந்துரை அதற்கான வாசலை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. படையில் சேரும் இளைஞர் நான்காண்டுகளுக்குத் தம் உயிரைப் பணயம் வைக்கச் சம்மதிக்கிறார். அதற்கு ஈடாக நாடு என்ன தரச் சம்மதிக்கிறது என்பதை, ஆள்சேர்ப்பு அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அவருக்குப் புரியும் மொழியில் எழுதி வைப்பது குறைந்தபட்சக் கடமை.